விட்டுப்போன அதிகாரம்

நாமக்கல்,
18.11.2024

அன்புள்ள சாமி அன்பழகனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. அவளும் டாக்டர் சொன்னபடி கேட்பதில்லை. கோத்தகிரிக் குளிரில் உன் சளி எப்படி இருக்கிறது? கம்பளியைப் போர்த்துகிறாயா, இல்லை பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கிறாயா?

நேற்று சபையில் உன் அப்பனின் மானம் போன கதையை வேறு யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

அறுப்பின் பண்டிகைக்குக் கண்காட்சி வைத்தோம். அந்தக் காலத்து இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் சுமந்து திரிந்த ஆராதனைக் கூடாரம், அதன் பலிபீடம், தண்ணீர்த் தொட்டி, திரைச்சீலை எல்லாம். பலிபீடத்தை, லாரி பாடி கட்டுகிற நம் பட்டறையில் வெட்டியது போக மிஞ்சிய தகட்டில் நான்தான் அடித்தேன். பார்த்தவர்கள் டிப்பர் லாரி மாதிரி இருக்கிறது என்றார்கள். பிரதான ஆசாரியனாக வேஷம் போட்டு நிற்கத் தாடிக்காரர் வேண்டும் என்று தேடினார்கள். சபையில் தாடி வைத்தவர் இரண்டு பேர். ஒருவர் ஊரில் இல்லை. என் தாடி பக்தியால் வந்ததல்ல, சவரத்துக்குச் சோம்பி வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அம்மா பழைய நீல விரிப்பில் அங்கி தைத்தாள். அங்கியின் கீழ்க்கரையில் ஒரு மணி, ஒரு மாதுளம்பழம், ஒரு மணி, ஒரு மாதுளம்பழம் என்று தொங்க வேண்டுமாம். மணிகள் மேச்சேரிச் சந்தையில் ஆட்டுக் கழுத்துக்கு விற்பவை. மாதுளம்பழங்களைப் பிள்ளைகள் சிவப்புக் காகிதத்தில் செய்து மைதாப் பசையால் ஒட்டினார்கள். பலிக்கு நிற்க ஒரு மேச்சேரிக் கிடாவை இரவல் வாங்கி வந்தோம். அதற்கு ஆசாரியனைத் தெரியவில்லை, மைதாவைத் தெரிந்திருக்கிறது. நான் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தி நின்ற நேரத்தில் ஐந்து மாதுளம்பழத்தைத் தின்றுவிட்டு, ஆறாவதை இழுத்தபோது அங்கியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. உள்ளே கட்டம் போட்ட லுங்கி. "வேட்டி கட்டிக்கிட்டுப் போங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே" என்று உன் அம்மா சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

சபைச் செயலாளர் கண்ணுசாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். உன் போதகர் படிப்புக்கான சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் என்பதால் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

போதகரய்யா விடவில்லை. "அங்கி போனாப் போவுதுங்க. அந்த ஆசாரியருங்க என்னதான் வேல செஞ்சாங்கன்னு நாலு பொதங்கெழம நீங்களே பாடம் எடுங்க" என்று சொல்லிவிட்டார். வெட்கத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன். நான் படித்தது ஒன்பதாவது வரைதான். நீ அங்கே எபிரேய எழுத்தை வலமிருந்து இடமாகப் படிக்கிறவன். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. போனில் கேட்கலாம் என்றால், உங்கள் கல்லூரி முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை அரை மணி நேரம்தான் போனைக் கையில் தருகிறது. அந்த அரை மணியை உன் அம்மா முழுசாகத் தின்றுவிடுகிறாள், அந்தக் கிடாவைப் போல.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
அப்பா குமாரசாமி


கோத்தகிரி,
2.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். சளி குறைந்துவிட்டது. கம்பளி பெட்டியில் இல்லை. அம்மா மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடாவின் கதையை விடுதி அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மன்னியுங்கள்.

பாடத்துக்குக் குறிப்புகள். முதல் புதன்: உடை. மார்பில் பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு கோத்திரத்தின் பெயர்கள்; தன் ஜனங்களை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் அவன் உள்ளே போக வேண்டும். மணிகள் அழகுக்கு அல்ல. அவன் பரிசுத்த இடத்துக்குள் போகும்போதும் வரும்போதும் சத்தம் கேட்க வேண்டும், சாகாமல் இருப்பதற்கு. இரண்டாவது புதன்: அவனை வேலைக்கு ஏற்படுத்தும் நாள். ஆட்டின் இரத்தத்தை வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுவார்கள். கேட்க, செய்ய, நடக்க. மூன்றாவது புதன்: தினப்படி வேலை. பீடத்தின் நெருப்பு அணையக்கூடாது. காலையில் சாம்பல் அள்ளுவதும் ஆசாரியன்தான். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பிரதான ஆசாரியன் உள்ளறைக்குப் போவான். அன்று பொன் உடை கிடையாது, வெறும் சணல்நூல் உடை. இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆசாரியர் சட்டங்கள் இருக்கும் பகுதியில் எட்டு, ஒன்பது, பத்து, பிறகு பதினாறு, பிறகு இருபத்துமூன்று, இவ்வளவு அதிகாரங்கள் போதும். நடுவில் இருப்பவை குஷ்டம், பூஞ்சணம், தீட்டு என்று நீளும். கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

இன்னொன்று, நினைவுக்கு மட்டும். சபைக் கமிட்டியின் சிபாரிசுக் கடிதம் மே 31க்குள் இங்கே வந்தால்தான் இரண்டாம் வருஷத்தில் உட்கார விடுவார்கள். அவசரம் இல்லை.

அன்புடன்,
அன்பழகன்


நாமக்கல்,
9.1.2025

அன்புள்ள சாமிக்கு,

புது வருஷ வாழ்த்து. அம்மாவும் நானும் இருக்கிறோம். உனக்கு உடம்பு எப்படி? விடுதிச் சோறு இன்னும் அதே பச்சரிசிதானா?

மூன்று புதன்கிழமை உன் குறிப்பை வைத்து நான் எடுத்த பாடத்தைக் கேட்டு, "குமாரசாமி அண்ணனுக்கு இவ்வளவு தெரியுமா" என்று கமிட்டியில் இருக்கிற உஷாராணி டீச்சரே சொன்னார்கள். சாம்பல் அள்ளுகிற விஷயத்தைச் சொன்னபோது சபையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா எழுந்து நின்றே கைதட்டினாள். எனக்குத் தலையில் கனம் ஏறிவிட்டது. அதுதான் வினை.

நேற்று நாலாவது புதன். நீ கொடுத்த சரக்கு தீர்ந்துபோயிற்று. மகன் துணை இல்லாமல் நானே ஒரு அதிகாரம் எடுக்கிறேன் என்று வீறாப்பாக இருபத்தொன்றைத் திறந்தேன். வீட்டில் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுப் போகிற புத்தி கிடையாதே எனக்கு. ஆசாரியன் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதில் ஆரம்பித்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு வந்தது. முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் வம்சத்தில் பிறந்தவனே ஆனாலும் பார்வை இல்லாதவன், நொண்டி, கால் முறிந்தவன், கை முறிந்தவன் பலிபீடத்துக்குக் கிட்ட வரக்கூடாதாம்.

கை என்ற இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. அங்கேயே மூடியிருக்கலாம். மூடினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று, இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வாசித்துத் தொலைத்தேன். வாசித்துவிட்டு அவசரமாகப் பாட்டு எடுத்தேன். யாரும் பாடவில்லை. அம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது கண்ணுசாமி வந்தார்.

"ஏனுங்க குமாரசாமி, இத்தன நாளும் எனக்கு இது தோணவே இல்லீங்க. நீங்க வாசிச்சப்பத்தான் தோணுச்சு."

"என்னங்க தோணுச்சு?"

"பையனுக்கு எடது கையில மூணு வெரலு இல்ல. நாளைக்குப் போதகரா நின்னு ராப்போஜனப் பாத்திரத்தத் தூக்கோணும். வேதம் இப்பிடிச் சொல்லுது. கமிட்டில ஒரு வார்த்த பேசிப்போட்டு அப்பறம் கையெழுத்துப் போட்டுக்கலாமுங்க. நானாச் சொல்லல, நீங்க வாசிச்சதுதான்."

நான் வாசித்ததுதான். அதுதான் பொறுக்கவில்லை. உடனே எழுது. இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?

உன் அப்பா


கோத்தகிரி,
20.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். பாடங்கள் நன்றாகப் போனதில் சந்தோஷம். பருவத் தேர்வு நடக்கிறது. சாப்பாடு பச்சரிசிதான், பழகிவிட்டது.

அந்த அதிகாரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு இங்கே யூகலிப்டஸ் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது கீழே இறங்கும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்பழகன்


நாமக்கல்,
3.2.2025

சாமி அன்பழகனுக்கு,

நலம், நலம் அறிய ஆவல், எல்லாம் சரி. "எழுத ஒன்றுமில்லை" என்று ஒரு கடிதமா? அதற்கு ஒரு உறை, ஒரு தபால் தலை. எனக்கு வந்த எரிச்சலில் உன் கடிதத்தை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்குக் கீழே வைத்தேன். பிறகு எடுத்துத் தட்டி பைபிளுக்குள் வைத்தேன்.

டிசம்பரில் நீ எழுதியதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினாறு, இருபத்துமூன்று. குஷ்டத்துக்கும் பூஞ்சணத்துக்கும் பயந்தா விட்டாய்? நீ வேண்டுமென்றே தாண்டிப்போன அதிகாரத்தை நான் தேடிப் போய் மைக்கில் வாசித்திருக்கிறேன். உன் அப்பனைப் போல ஒருவன் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

நேற்று கமிட்டி. என்னையும் சேர்த்து ஏழு பேர். கண்ணுசாமி எடுத்தார். நான் தயாராகத்தான் போனேன். "நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா ஆசாரியன ஏற்படுத்தற அன்னைக்கு ரத்தம் பூசறது வலது கைப் பெருவெரலுல. எம்பையனுக்கு வலது கை முழுசா இருக்குது. எடது கையப் பத்தி அங்க பேச்சே இல்லீங்க" என்றேன். நல்ல அடி என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடீன்னா காதுலயும் கால்லயும் ரத்தம் பூசிப்போட்டே அனுப்பலாமுங்களா? ஆடு நீங்க குடுப்பீங்களா, நான் புடிக்கட்டுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தனப்பிரியா கூட, நம் பக்கம் பேச வந்த பெண், வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முடிவு எடுக்காமல் தள்ளிவைத்துவிட்டார்கள்.

சாமி, எனக்கு வாதம் வேண்டும். நீ படிக்கிற படிப்பில் இதற்கு ஒரு பதில் இல்லாமலா இருக்கும்? எழுது.

அப்பா


நாமக்கல்,
27.2.2025

அன்பழகனுக்கு,

இது பதில் வராத கடிதத்துக்கு மேல் எழுதும் கடிதம். சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரிகிறது. சனிக்கிழமை அவள் பேசும்போது பக்கத்திலேயே நின்றேன். "அப்பாவுக்கு எழுதறேன்னு சொல்லு" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. மூன்று சனிக்கிழமையாகக் கேட்கிறது.

நீ சொல்லமாட்டாய் என்று ஆனபிறகு நானே கண்ணுசாமியைப் பார்க்க அவர் கோழிப்பண்ணைக்குப் போனேன். மரியாதைக்காக வெள்ளை வேட்டி. அங்கே வாசலில் காலை நனைத்துவிட்டு உள்ளே போக மருந்துத் தண்ணீர்க் குழி இருக்கும் இல்லையா, ஊதா நிறத்தில். கோபத்தில் போனவன் குழியைப் பார்க்கவில்லை. முழங்கால் வரை ஊதா. அந்தக் கோலத்தில் போய் நியாயம் கேட்டேன்.

அவர் இருட்டு அறையில் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீறல் இருந்தால் ஒரு பக்கம்.

"எனக்குப் பையன் மேல கோவமில்லீங்க. நல்ல பையன். ஆனா நாம ஆண்டவருக்குக் குடுக்கறது முழுசா இருக்கோணுமா இல்லீங்களா?"

"கீறல் உட்ட முட்டைய நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"பேக்கரிக்குப் போயிருமுங்க. வீணாவாது."

"எம்பையன் பேக்கரிக்குப் போறதுக்குங்களா மூணு வருசம் அப்ளிகேசன் போட்டான்?"

"நாஞ் சொல்றது அது இல்லீங்களே" என்று அவரும் கத்தினார். நானும் கத்தினேன். கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்தின. யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. வேட்டி இன்னும் வெளுக்கவில்லை. அம்மா அதைத் துணிக்கொடியில் தெருப்பக்கம் காயப்போட்டிருக்கிறாள், வேண்டுமென்றே.

அப்பா


நாமக்கல்,
11.3.2025

என் செல்லக் கண்ணு அன்பழகனுக்கு அம்மா சௌந்திரம் எழுதுவது,

தைலம் வந்தது சாமி. பூசுகிறேன். முழங்கால் பரவாயில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

போனில் சொல்ல முடியாது, பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் எழுதுகிறேன். உங்க அப்பாவோடு என்னால் ஆகவில்லை. பட்டறைக்குப் போகிறார், திரும்பி வருகிறார், பைபிளை எடுக்கிறார், வைக்கிறார். பரிமாறினால் சாப்பிட்டுக்கொண்டே "வலது கை" என்கிறார். நேற்று பால்காரரிடம் போய் ஆரோனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார். அவர் பாவம், பால் ஊற்றாமலே போய்விட்டார்.

எனக்கு ஒன்று தெரியும். உன் கை போன அன்றைக்கு நான் பட்டறையில் இல்லை. நீங்கள் இரண்டு பேரும்தான் இருந்தீர்கள். அன்று முதல் நீங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஊரில் யாராவது கேட்டால், "வெளையாட்டுப் புத்தி, மெசின் ஓடறப்பக் கைய வெச்சுட்டான்" என்று அவர் சொல்வார். நீ சும்மா நிற்பாய். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். கேட்கத் தோன்றும், கேட்கமாட்டேன்.

அவருக்கு ஒரு கடிதம் போடு. திட்டியாவது எழுது.

அம்மா


கோத்தகிரி,
25.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஆமாம், வேண்டுமென்றே விட்டேன். கல்லூரியில் அந்த அதிகாரத்தை வகுப்பில் வாசிக்கும் முறை என்னிடம்தான் வந்தது. வாசித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வாசிக்கக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வாதம் கேட்டீர்கள். நீங்கள் பாட்டு எடுத்த இடத்துக்கு அடுத்த வரியைப் படியுங்கள். எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப்பட்டவன் பீடத்துக்குக் கிட்ட வரக்கூடாது. ஆனால் பரிசுத்த அப்பத்தை மற்ற ஆசாரியரோடு உட்கார்ந்து உண்பான் என்று இருக்கிறது. அவன் ஆசாரியன் இல்லை என்று எங்கும் இல்லை.

பிறகு எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தைப் பற்றி யூத ரபிமார் எழுதி வைத்த குறிப்பு ஒன்றை எங்கள் ஆசிரியர் காட்டினார். பெண்கள் நிற்கும் பிராகாரத்தின் நான்கு மூலையிலும் நான்கு அறைகள். வடகிழக்கு மூலையில் விறகு அறை. உடலில் குறை உள்ள ஆசாரியர்கள் அங்கே உட்கார்ந்து பலிபீடத்து விறகை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். புழு அரித்த கட்டை ஒன்றுகூட பீடத்துக்குப் போகக்கூடாது. பொன் உடைக்காரர் நெருப்புக்கு முன்னால் நிற்பார். அந்த நெருப்புக்கு முழு விறகைப் பொறுக்கித் தருவது இவர்கள். இதை வாசித்தபோது நம் பட்டறையில் நீங்கள் பலகையைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் இதைக் கண்ணுசாமி அய்யாவிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். "அப்படீன்னா வெறகு பொறுக்கட்டுமுங்க" என்று முடித்துவிடுவார்.

கை எப்படிப் போயிற்று என்று கமிட்டியில் கேட்டால், எப்போதும் சொல்வதையே சொல்லுங்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கடிதம் வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அன்பழகன்


நாமக்கல்,
15.4.2025

அன்புள்ள சாமிக்கு,

கடிதம் கண்டேன். எல்லோரும் சுகம். வெயில் இங்கே இப்போதே தகரத்தில் தோசை ஊற்றலாம் போல இருக்கிறது.

வாதம் கேட்டால் விறகு அனுப்புகிறாய். அதுவும், இதை வெளியே எடுக்காதே என்று பூட்டும் போட்டு அனுப்புகிறாய். படித்த பிள்ளையோடு இதுதான் தொல்லை.

ஆனாலும் அந்த வடகிழக்கு மூலை மனசைவிட்டுப் போகவில்லை. போன வாரம் வேப்பம்பலகை ஒரு லோடு இறங்கியது. மேலே பளபளவென்று இருக்கும். தட்டினால்தான் உள்ளே உளுத்தது தெரியும். டொக்கென்று ஒரு செத்த சத்தம். நாற்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன், இதற்கு ஆலயத்தில் ஒரு அறை இருந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தட்டிக்கொண்டே வந்தேன். ஏழு பலகையை ஒதுக்கினேன். ஒதுக்கிவிட்டு, என்னை யாராவது இப்படித் தட்டிப் பார்த்தால் என்ன சத்தம் வரும் என்று ஒரு நினைப்பு வந்தது. மேற்கொண்டு தட்டவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

எப்போதும் சொல்வதையே சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். வருத்தம் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது, உன் மேல் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொள்கிறாயாம். என்ன வேலை? முட்டை பார்க்கிற வேலையா?

மே 11 ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசிக் கமிட்டி. ஜெபித்துக்கொள்.

அப்பா


நாமக்கல்,
12.5.2025

அன்புள்ள சாமி அன்பழகனுக்கு,

சமாதானம். அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, நேற்று பேசியதில்.

சுருக்கமாக: உன் சிபாரிசுக் கடிதம் இன்று காலை பதிவுத் தபாலில் போயிற்று. இனி நீட்டமாகச் சொல்கிறேன்.

போதகரய்யாதான் ஆரம்பித்தார். "அது மிருக பலி காலத்துச் சட்டம். நம்மகிட்ட பலிபீடமும் இல்ல, ஆரோன் வம்சமும் இல்ல. இந்தச் சபையில ஒடம்ப வெச்சு யாரையும் தள்ளறதில்ல" என்று அந்தப் பேச்சையே மூடிவிட்டார். இரண்டே நிமிஷம். இதை ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் என் வேட்டி மிஞ்சியிருக்கும். சரி, முடிந்தது என்று நான் எழுந்து வேட்டியை இறுக்கினேன்.

கண்ணுசாமி கை தூக்கினார். "ஒடம்ப வுடுங்க, ஒத்துக்கறேன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க? மெசின் ஓடறப்பக் கைய வெச்சு வெளையாடுன பையன். நானாச் சொல்லல. குமாரசாமிதான் பதினோரு வருசமாச் சொல்லீட்டிருக்கறாரு. அந்த மாதிரிப் பையங்கிட்ட ஒரு சபையக் குடுக்கலாமுங்களா? அத மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், அவர் தானாக எதையும் சொல்வதில்லை. எல்லாம் நான் வாசித்ததும் நான் சொன்னதும்தான். மனுஷனோடு சண்டை போடக்கூட வழி இல்லை.

தனப்பிரியா சொன்னாள், "பதினாலு வயசுப் பையங்கய்யா, அப்ப வெளையாடுனா என்ன?" அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். நாலு பேர் தலையாட்டவும் செய்தார்கள்.

"அவன் வெளையாடலீங்க" என்றேன்.

"என்னங்க?"

"அவன் வெளையாடலீங்க. ரம்பத்து மேல ஒரு மூடித் தகடு இருக்குமுங்க, கை போவாம இருக்க. அகலப் பலகைக்கு அது இடிச்சுதுன்னு காலைல நாந்தான் கழட்டி வெச்சேன். வண்டி அவசரம். லீவுல ஊட்டுல சும்மா இருந்தவன நாந்தான் கூட்டீட்டுப் போனேன். 'முனையப் புடி சாமி, நவுராத'ன்னு சொன்னதும் நாந்தான். அவன் நவுரலீங்க. பலகைல ஆணி இருந்துச்சு, பலகை எகிறுச்சு. அவன் புடிச்ச புடிய வுடல."

கண்ணுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க, அப்பறம் எதுக்குங்க ஊடு ஊடா வந்து பையன் மேல பழியப் போட்டீங்க?"

"தெரியலீங்க."

"தெரியலையா? பதினோரு வருசமுங்க! அந்தப் பையன் ஒரு நாளும் வாயத் தொறக்கலையா?"

"தொறக்கலீங்க."

"நானு அந்தப் பையன முட்டை மாதிரித் தூக்கி வெளிச்சத்துல பாத்துக்கிட்டிருந்தேன், நீங்க கம்முனு பாத்துக்கிட்டிருந்தீங்க" என்று அவர் மேஜையைத் தட்டினார். அவருக்கு வந்த எரிச்சலில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து கடிதத்தின் ஓரம் நனைந்துவிட்டது. உஷாராணி டீச்சர் முந்தானையால் ஒற்றினார்கள். "எங்கீங்க போடோணும்?" என்று பேனாவை எடுத்தார். பேனா எழுதவில்லை. உதறினார், திட்டினார், என் சட்டைப் பையில் இருந்த பென்சிலைப் பார்த்து முறைத்தார், கடைசியில் போதகரய்யாவின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஏழு பேரும் போட்டார்கள். ஏழாவது நான்.

கடிதத்தின் இடது ஓரத்தில் தண்ணீர்க் கறை இருக்கும். கேட்டால் கண்ணுசாமி என்று சொல்.

எனக்கும் கிடைத்தது. ஆறு மாதம் கமிட்டிக்கு வர வேண்டாம் என்று போதகரய்யா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பொதங்கெழமப் பாடமும் வேண்டாமுங்க" என்று பின்னாலிருந்து கண்ணுசாமி சேர்த்தார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விறகு அறையைப் பற்றி ஒரு பாடம் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை. நானும் கேட்கவில்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.

இரண்டாம் வருஷம் நன்றாகப் படி. கம்பளி கிழிந்திருந்தால் எழுது, வேறு அனுப்புகிறேன். ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

உன் அப்பா,
குமாரசாமி

பி.கு. கமிட்டியில் எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. அம்மாவிடமும் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, கையில் கட்டோடு, "நாந்தானுங்க வெளையாட்டாக் கைய வெச்சுட்டேன்" என்றாய். நான் உன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சாமி. நிம்மதி.